பதினோரு ஆடும் ஒரு ஃபிளமானும்

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது பழைய கேமராவின் தோலுறை கையில் தட்டுப்பட்டது. திறந்து மோந்து பார்த்தேன். தோலும் பூஞ்சையும் கலந்த வாடை. அது என்னை நேராக முத்தியால்பேட்டையில் சொல்தா முசியே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; முசியே என்றால் ஐயா.

எழுபதுகளின் கடைசி. மில்லில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அவர் மகள் வசந்தாவைக் கட்டிக்கொள்ள ஆசை. பெண் கேட்கப் போன இடத்தில், "பிரெஞ்சு நல்லா வரும்" என்று ஒரு புளுகையும் அவிழ்த்துவிட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சே மொத்தம் 'உய்' ஒன்றுதான். ஆமாம் என்று அர்த்தம். மாமனார் ஆகப்போகிறவரிடம் அதற்கு மேல் என்ன பேசிவிடப் போகிறோம் என்ற தைரியம்.

ஒரு மாசி மாதம், முட்டி வலியால் நடக்க முடியாத முசியே தன் கேமராவை என்னிடம் நீட்டினார்.

"ஊசுட்டேரில ஃபிளமான் வந்துருக்காம். காலு நீட்டமா, கூட்டமா நிக்கும். ஆளப் பாத்தா மெரளும். படம் புடிச்சாந்து காட்டு தம்பி, அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

"உய் முசியே" என்றேன்.

மான் என்று காதில் விழுந்துவிட்டது. என்ன மான் என்று கேட்டால் புளுகு வெளுத்துவிடும். கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நண்பன் செல்வராசுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஏரி முழுக்கப் பறவைகள். நாரை, கூழைக்கடா, இன்னும் பெயர் தெரியாதவை. ஒன்றையும் நாங்கள் சட்டை செய்யவில்லை. கரையோரப் புதர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதர் அசையும், அமுக்குவேன், ஆடு வெளியே வரும். ஃபிலிமில் மொத்தமே பன்னிரண்டு படம். பதினொன்று இப்படிப் போனது.

ஆடு மேய்த்த அம்மா கிட்டே வந்து கேட்டாள்: "ஏம்பா, ஆட்டுக்கும் ரேஷன் கார்டு குடுக்கப் போறாங்களா?"

செல்வராசுவுக்குக் கோபம் பறவைகள் மேல். "இதுங்க போடற சத்தத்துல எந்த மானுடா வரும்?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கை தட்டி விரட்டினான். நெட்டைக்கால் கூட்டம் ஒன்று ஒரேயடியாக எழும்பியது. அத்தனை இறக்கைகளுக்கு அடியிலும் ரோஜா நிறம். அந்தத் திகைப்பில் கடைசிப் படத்தையும் அமுக்கிவிட்டேன்.

முசியே பதினோரு ஆட்டையும் பொறுமையாகப் பார்த்தார். பன்னிரண்டாவதில் செல்வராசு கை தட்டுகிறான், அவன் தலைக்கு மேலே வானம் கொள்ளாத பூநாரைகள். அவற்றை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஃபிளமான் இங்க இருக்கு. இந்த ஆடுங்க எதுக்கு?"

"மான்னு நெனச்சி தேடனேன் முசியே. எனக்கு பிரெஞ்சு வராது."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். உள்ளே பார்த்து மனைவியிடம் கத்தினார்: "இவனுக்குப் பொய் கூட ஒழுங்கா சொல்ல வரலடி. பயப்படாம பொண்ணக் குடுக்கலாம்!"

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னை ஒரு நாள்கூட மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. "மான் வந்துட்டான், காப்பி போடு" என்பார். அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அவர் போன பிறகு அந்த வீட்டில் எல்லோரும் என்னை மரியாதையாக மாமா என்கிறார்கள், சார் என்கிறார்கள். மான் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.