அச்சுத் தாளின் நடுவில் காணாமற்போன கிளி

ஆண்டவருடைய கிருபையால் இன்றளவும் உங்களோடு நிற்கும் எளியேன், என் மகள் எஸ்தரின் கண்களுக்கு நேர்ந்ததையும், அதிலே தேவன் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தின் கடைசி நாட்கள். திருத்தங்கலில் விட்டுவிட்டு மழை. பட்டாசு ஆலையில் திரி செருகும் வேலை பார்க்கும் எஸ்தருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. என் மனைவி மறைந்தபின் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்தியே. இரத்தத்தில் தட்டணுக்கள் நாளுக்கு நாள் குறைந்தன. அரசு மருத்துவமனைக் கட்டிலின் காலைப் பற்றிக்கொண்டு ஜெபித்தேன். சனிக்கிழமை, காய்ச்சல் தணிந்து வீடு திரும்பினாள். மறுநாளே ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை படைத்து, ஆபத்து நீங்கிற்று என்று அறிவித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் புறப்பட்டாள். தடுத்தேன்.

"சீசன் நேரம்ப்பா. லோடு நிக்குது. அரை நாள் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

மதியம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். மங்கலாகத் தெரிகிறது என்றாள். எங்கள் பக்கத்தில் கண் உறுத்தினால் யாரும் யோசிப்பதில்லை. வெடிமருந்துத் தூசி என்போம், விளக்கெண்ணெய் விடுவோம். நானும் அதையே செய்தேன். மறுநாள் அவள் தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கை நீட்டி, பக்கத்து வெறுமையைப் பிடித்தாள். ஏனம்மா என்று கேட்டேன்.

"எண்ணெய் மறைக்குதுப்பா. நாளைக்குச் சரியாயிரும்" என்றாள்.

புதன்கிழமை காலையில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, காய்ச்சலை நீக்கினீர் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். பிள்ளை ஏன் தடுமாறுகிறாள்? எனக்குப் புலப்படாததை நீரே காட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

எழுந்து, அன்று மாலைக் கூட்டத்துக்காகப் பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் அச்சகத்தில் தாள் சோதித்தவன் நான். கழிவுத் தாள்களுக்கு வீட்டில் குறைவில்லை. ஒன்றை விரித்தேன். கம்பி மத்தாப்புப் பெட்டிக்கான லேபிள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக்கிளி. தாள் முழுவதும் வரிசை வரிசையாகக் கிளிகள். எதிரே இருந்த எஸ்தர் குனிந்து பார்த்தாள்.

"என்னப்பா, நடுவுல அச்சே விழல? அதான் கழிச்சுட்டாகளா?"

தொழில் புத்தி. நான் அவளைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். புரட்டினேன். நடுவிலே எந்தக் குறையும் இல்லை. ஓரத்தில் மட்டும் மை இழுத்திருந்தது. அதற்காகவே அது கழிக்கப்பட்டது.

"எந்த இடத்துல அச்சு விழலம்மா?"

"இங்கன. இந்த ஒரு கிளியத்தான் காணோமே. சுத்தி இருக்க கோடெல்லாம் வளைஞ்சு கெடக்கு."

தாளை மெல்ல இடப்புறம் நகர்த்தினேன். "இப்ப?"

"இப்ப வேற கிளியக் காணோம்ப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் விளங்கிற்று. என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குறை தாளில் இல்லை. அந்தக் கண்களோடுதான் அவள் திங்கட்கிழமை வெடிமருந்தின் நடுவே அமர்ந்திருந்தாள்.

எங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஓடி வந்தார். "அண்ணாச்சி, எண்ணெயத் தூரப் போட்டுட்டு மருதைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் இருக்கன்குடி ஆத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துறதா நேந்துக்கிடுதேன். ஒங்க சாமி கோவிச்சுக்கிட்டா எம் பேரச் சொல்லுங்க." அந்த நிலையிலும் எஸ்தர் சிரித்தாள்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் நெடுநேரம் சோதித்தார். "டெங்குல தட்டணு ரொம்பக் குறையிற சமயத்துல விழித்திரையோட நடுவுல வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம். பெரும்பாலும் சரியாகும். எல்லாருக்கும் முழுசா ஆகும்னு என்னால சொல்ல முடியாது. இனி கண்ணுல எண்ணெய் விடாதீங்க, ஐயா." நான் தலைகுனிந்தேன். இரத்தத்தை மறுபடி சோதித்த பின்னரே மாத்திரை கொடுத்தார்கள்.

பின் வந்த வாரங்களில் அஞ்சியதைப் போல நான் என்றுமே அஞ்சியதில்லை. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினேன். நாள்தோறும் காலையில் ஜெபித்துவிட்டு, அவளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, நடுக்கிளி தெரிகிறதா என்று கேட்பேன். "இல்லப்பா" என்பாள். மறுநாளும் "இல்லப்பா." பதினோராம் நாள், "வால் மாதிரி ஏதோ தெரியுது" என்றாள். அதற்குப் பின் சிறகு வந்தது. தீபாவளி கழிந்த ஒரு காலையில், நான் கேட்குமுன்பே, "அப்பா, மூக்கு செவப்பா இருக்கு" என்றாள். அப்படியே தரையில் அமர்ந்து அழுதேன்.

வலக்கண்ணில் கோடுகள் இன்னும் சற்றே வளைந்து தெரிகின்றன. அவள் வெடிமருந்துப் பக்கம் போவதில்லை. பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாள்.

அன்பானவர்களே, காய்ச்சல் விட்டதும் பயம் விட்டது என்று எண்ணாதிருங்கள். பார்வையில் சிறு மங்கல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நீங்கள் காணாததையும் காட்டும்படி தேவனிடம் கேளுங்கள். எனக்கு அவர் கழிவுத் தாளைக் கொண்டு காட்டினார். அது இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது. இன்று காலையும் கேட்டேன்.

"இருக்குப்பா," என்றாள் எஸ்தர். "ஒங்களத்தான் பாக்குது."