முன்சீட்டின் நடுவிடம்

கோபாலபுரம் ஒர்க்‌ஷாப்பில், கியர்பாக்ஸ் மாற்றிய அப்பாவின் அம்பாசிடருக்குள் குனிந்ததும், வெயிலில் காய்ந்த சீட்டு ரெக்ஸினின் வாசனை என்னைப் பழையபடி முன்சீட்டின் நடுவில் உட்கார வைத்தது. அன்று கியர் ஸ்டியரிங்கோடு இருந்ததால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் எனக்கு இடமிருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அப்பாவின் முழங்கை என் தோளை உரசும், வேகத்தைக் குறைக்கும்போது அடுத்தடுத்து இரண்டு முறை உரசினால், அம்மாமேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாலும் செக்போஸ்ட் வந்துவிட்டதென்று தெரிந்துவிடும். இப்போது சரியாக அந்த இடத்தில் தரையிலிருந்து புது கியர் லிவர் நீட்டிக்கொண்டிருக்கிறது.

“சீட்டுல இடிக்குதுங்க்கா. நடுவுல கொஞ்சம் வெட்டிரலாங்களா? நீங்க ஒருத்தர்தானுங்களே போறீங்க,” என்றார் மெக்கானிக்.

உண்மைதான். என் பக்கத்தில் கைப்பை மட்டும்தான் வரும்.

“சீட்ட வெட்ட வேண்டாங்க,” என்றேன். “லிவர வளைச்சுருங்க.”