பீவருக்குக் கேட்கிற சத்தம்

என் மகள் ஏழு வயதில் ஒரேயொரு ஆளோடு மட்டும் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அந்த ஆள், நான் இரண்டாவதாக நிக்காஹ் செய்துகொண்டவர். அவளைப் பெற்ற வாப்பா கடலில் மூழ்கி மௌத்தாகிச் சில வருடங்களுக்குப் பிறகு நடந்த நிக்காஹ் அது. அப்போது நாட்டில் சண்டை முடிந்து, எங்களோடு இடம்பெயர்ந்து வந்த பலர் மன்னாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாலாவி உப்பளத்தை நம்பி இங்கேயே நின்றுவிட்டோம்.

மகளுடைய பிடிவாதம் அப்படியே என்னுடையது, யாரைக் குறை சொல்ல? அவர் முன்னால் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "உம்மா, தேத்தண்ணி ஆறுது எண்டு அவர்ட்ட சொல்லுங்க" என்பாள். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. குடிக்கிறேன் என்று மகளிடம் சொல் என்பார். நடுவில் நான் தபால்காரியாகத் திரிந்தேன். சில நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை வாப்பா என்று கூப்பிட்டால் வாய் தேய்ந்தா போகும் என்று ஏசிவிட்டு, பிறகு நானே ஒளிந்திருந்து அழுவேன். அந்தச் சொல்லை அவள் மௌத்தானவருக்கே வைத்திருந்தாள். அதைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்க நான் யார்?

அந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாள். குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் பீவர் என்ற பிராணியைப் பற்றியது. பின்னேரங்களில் உப்பளக் கொட்டிலில் உட்கார்ந்து அதை அவளுக்கு விளக்குவேன், அவரும் பக்கத்தில் இருப்பார். பெரிய எலிக்குத் துடுப்பை வாலாக வைத்தால் எப்படியிருக்கும், அதுதான் பீவர். பல்லாலேயே மரத்தை அரித்து விழுத்தும். பல் தேயத் தேய வளரும். பல்லில் இரும்பு கலந்திருப்பதால் எங்கள் மண்வெட்டித் துருவின் நிறம். மகள் படத்தையும், வெற்றிலை போட்ட அவருடைய பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தண்ணீருக்கடியில் கால் மணித்தியாலம் மூச்சை அடக்கும். ஆபத்து என்றால் வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்து வீட்டாரை எச்சரிக்கும். ஓநாய் நுழையாதபடி வீட்டு வாசலைத் தண்ணீருக்குள் வைக்கும். தண்ணீர் வற்றினால் வாசல் வெளியே தெரிந்துவிடுமே, அதனால் தடியும் கல்லும் சேறும் போட்டு ஆற்றை மறித்துக் கட்டும். கட்டின இடத்தில் தண்ணீர் கசிந்து ஓடும் சத்தம் காதில் விழுந்தால் போதும், அடைக்கும் வரைக்கும் அதற்கு இருப்புக்கொள்ளாது.

"வாப்பா பீவரும் அடைக்குமா?" என்று கேட்டாள்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் அடைப்பார்கள் என்றேன்.

எங்களுடைய உப்புப் பாத்தி வரம்புக்கும் அப்படியொன்று கிடைத்தால் நல்லது என்று மகளிடம் சொல்லும்படி அவர் சொன்னார். நான் சொல்லவில்லை. அவளுக்குத்தான் காது இருக்கிறதே.

மறுநாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தோட்டைத் தொலைத்தவள் போல வரம்பு வழியே குனிந்துகொண்டு நடப்பாள். வெயிலில் கறுக்கப் போகிறாய் என்று ஏசியும் கேட்கவில்லை. அப்போது கடைசிப் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கியிருந்தது. கடலோடு சேர்ந்த களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வாரக்கணக்கில் காயவிட்டு அவர் சேர்த்த தண்ணீர். வடக்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது. பாத்தித் தண்ணீர் வடிந்துபோனால், மழைக்கு முன் திரும்பக் காயவிட நேரமிராது, அந்தப் பருவத்துக்கு எங்களுக்கு உப்பில்லை.

ஒரு பின்னேரம் நான் கொட்டில் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பாத்தியின் அடுத்த கரையில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வரம்பு மூலையில் மகள் நின்றாள். பிறகு பள்ளிக்கூட உடுப்போடு படுத்து மண்ணில் காதை வைத்தாள். நண்டு வரம்பைத் துளைத்திருந்தது, பிறகுதான் பார்த்தோம். மேலே ஒன்றும் தெரியவில்லை, அடியால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழும்பி முதலில் என்னைத்தான் பார்த்தாள். தகவல் எப்போதும் என் வழியாகத்தானே போகும். பிறகு மறுபக்கம் திரும்பினாள்.

"வாப்பா, தண்ணி போற சத்தம் கேக்குது!"

கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. அவர் நிமிர்ந்தார்.

"ஓம் மகள், வாறன்."

தினமும் அப்படிக் கூப்பிடப்பட்டவர் மாதிரித்தான் சொன்னார். ஆனால் ஓடி வந்தவர் மண்வெட்டியை எடுக்க மறந்துவிட்டார். இரண்டு பேரும் முழங்காலில் இருந்து, கையாலேயே சேற்றை அள்ளி அள்ளி அடைத்தார்கள். இன்னும் கொண்டு வா என்று அவர் சொல்ல, இந்தாங்க என்று அவள் கொடுத்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைக் கழுவினேன். அன்றோடு என் தபால் வேலை போய்விட்டது.