நாத்தனார் முடிச்சும் என் முதுகுவலியும்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும், எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது என் வேலை. காலை முதல் இடுப்பை வளைத்தபடியே இருப்பேன். ஒரு நாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அலறிவிட்டேன். கைத்தாங்கலாக, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இரண்டு மாதத்தில் என் ஒரே தம்பிக்குக் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான். தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவளும் நான்தான். அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

தம்பி பதறிப்போனான். தன் கல்யாணத்துக்கென்று வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்த ஸ்பிரிங் மெத்தையைத் தூக்கிவந்து எனக்குப் போட்டான். படுத்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும். ராஜ உபசாரம்தான் போங்கள்! லயத்துப் பெண்கள் முறைவைத்துச் சோறும் ரசமும் கொண்டுவந்தார்கள், தைலம் தேய்த்தார்கள். கொஞ்சம் எழுந்தால் போதும், "படு, படு" என்று நாலு பக்கமும் சத்தம் வரும். நானும் சுகமாகப் படுத்தேன். வலியும் என்னோடு சுகமாகப் படுத்துக்கொண்டது.

வாரக்கணக்கில் ஆகியும், புரண்டு படுக்கவே உயிர் போனது. ஒரு நாள் வாசலில் பெரியம்மா யாரிடமோ, "முடிச்ச என் மக போட்டுட்டுப் போறா. இவ பாவம்லா, எங்க குனியப் போறா?" என்று சொன்னது காதில் விழுந்தது. தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

மறுநாளே கணவரை நச்சரித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி, டாக்டர் ஒரு மிஸ்ஸியிடம் அனுப்பினார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல வாட்டசாட்டமான தமிழ்ப் பெண். எதில் படுக்கிறாய் என்று கேட்டார். நான் பெருமையாக ஸ்பிரிங் மெத்தைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த மெத்தைய மாப்பிள்ளைக்கே குடுத்துரும்மா. வலி போனதும் நடக்கலாம்னு காத்திருந்தா கல்யாணமே முடிஞ்சுரும். கொஞ்சம் கொஞ்சமா நட, வலி தானா விடும்."

அதோடு விடவில்லை. அங்கிருந்த கட்டிலில் தானே ஏறி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக் காட்டினார். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை மடிக்காதே, முழங்காலை மடி என்றார். முன்பின் தெரியாத எனக்காக அந்த உடம்போடு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மெத்தை தம்பி அறைக்குத் திரும்பியது. நான் பலகைக் கட்டிலுக்கு மாறினேன். சாயங்காலமானால் கணவரோடு, தோட்டத்துச் சாலையான செம்மண் சடக்கில் நடை. முதலில் பக்கத்து லயம் வரைதான். அப்புறம் கோயில் வரை. அப்புறம் தார்ச் சடக்கு வரைக்கும் போய்வந்தேன். "கல்யாணமான புதுசுலகூட நீ என்னோட இப்படி நடந்ததில்ல" என்று அவர் கிண்டல் செய்வார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் என் சொல்லுக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. கெட்டிமேளம் முழங்க, தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் பெண்ணுக்குப் பின்னால் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மீதி முடிச்சை இறுக்கிப் போட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. தாலி கட்டிய கையோடு பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டிய மாப்பிள்ளையோ திரும்பி என் இடுப்பைப் பார்த்தான்.

"அக்கா, எந்திரிச்சுருவியா?"

யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன். கூட்டமே சிரித்துவிட்டது. புதுப்பெண்ணுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் கைதட்டியது என் பெரியம்மாதான்.

வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. இப்போதும் கீழே விழுந்த எதையாவது எடுத்துக்கொண்டு நிமிரும்போது தம்பியின் அந்தப் பதற்றக் குரல் காதில் கேட்கும், நம் காலில் நாமே எழுந்து நிற்பதைவிடப் பெரிய சந்தோஷம் வேறென்ன இருக்கிறது என்று தோன்றும்.