மல்லித் தொட்டிக்குள்ள பஞ்சு

பொறவென்ன செல்வி, "நாளையிலேருந்து பேச்சி வேலைக்கு வர வேண்டாம்"னு அந்தம்மா சொல்லிட்டாவ. தப்புப் பண்ணவ நான்ல!

எந்தம்மாவா? ராஜபாளையத்துல நான் தோட்ட வேலைக்குப் போற வீட்டம்மாதான். வீட்டுக்குள்ள தெலுங்கு, நம்மகிட்ட தமிழு. நான் நம்மூரு மடவார் வளாகத்துல பஸ் ஏறுனா எட்டு மணிக்கு அவிய மொட்ட மாடியில நிப்பேன். எந்தச் செடிக்கு வெயிலு, எதுக்கு நெழலு, அம்புட்டும் நான் சொல்றதுதான். எனக்கு எழுதப் படிக்கவா தெரியும்? தொட்டியில கயிறு கட்டி வச்சிருப்பேன். செவப்புக் கயிறுன்னா தெனம் தண்ணி, பச்சைன்னா ஒருநா விட்டு ஒருநா.

மல்லி மட்டும் பன்னெண்டு தொட்டி. மக வளகாப்புக்கு வீட்டுப் பூவத்தான் வைக்கணும்னு அந்தம்மாவுக்கு ஆச.

மாடியில, தலகாணிக்கு அடைக்க மில்லுலேருந்து வந்த கழிவுப் பஞ்சு ஒரு சாக்கு கெடந்தது. பஞ்சு ஈரத்தப் பிடிச்சு வைக்குமே, ஞாயித்துக்கெழம வராம வீட்டுல கெடக்கலாமேன்னு ஒரு நெனப்பு. யாருகிட்டயும் சொல்லாம, செடியத் தூக்கித் தொட்டிக்கு ரெண்டு பிடி அடியில திணிச்சு மேல மண்ணப் போட்டு மூடிட்டேன். பொறவு ஞாயித்துக்கெழம போறதில்ல. வெயில்ல செடி அப்படி மினுங்குச்சு! "ஆச்சி கை ராசியான கை"ன்னு அந்தம்மா போற வாறவுககிட்டயெல்லாம் சொன்னாவ. நானும் சிரிச்சிக்கிட்டே நின்னேன்.

சித்திரையில மூணு நாளு கோட மழ பிடிச்சுதுல்ல? திங்கக்கெழம போனா அம்புட்டு இலையும் மஞ்ச. மொட்டெல்லாம் கருகிக் கெடக்கு. மாடியில துணி தொவைக்கிறவ பேச்சி. அவ ஊத்துன சோப்புத் தண்ணிதான்னு அந்தம்மா முடிவு பண்ணிட்டாவ.

"ஆச்சி, நான் குழாய்ப் பக்கந்தான ஊத்துவேன், நீங்களாவது சொல்லுங்க"ன்னு அவ அழுதா. நான் டீயக் குடிச்சிக்கிட்டு வாயத் தெறக்கல. பாதி டீய அப்படியே வச்சேன்.

எந்திரிச்சுப் போயி ஒரு தொட்டியத் தூக்கி அந்தம்மா முன்னாடி கவுத்தேன். நனஞ்ச பூன கணக்கா பொத்துன்னு விழுந்துச்சு பஞ்சு. ஒரே நாத்தம்.

"இதென்ன ஆச்சி, தலகாணியா?"

"நான் வச்சதும்மா. தண்ணி போற ஓட்டைய அடைச்சு வேரு அழுகிட்டு. பேச்சி மேல ஒண்ணுமில்ல."

"கை ராசின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கனே!"

"அந்தக் கைதாம்மா இது."

பேச்சி கண்ணத் தொடச்சிக்கிட்டே கேட்டா, "இம்புட்டு நேரமும் வாயிலயும் பஞ்ச அடைச்சிருந்தீகளோ ஆச்சி?"

அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துட்டு. "பேச்சி இருக்கட்டும். நீங்களும் இருங்க. ஆனா இனி ஞாயித்துக்கெழமையும் வரணும்"னுட்டாவ. எதுக்குப் பஞ்சு வச்சனோ அதுவே போச்சு பாத்தியா!

அழுகின வேர நறுக்கி, செம்மண்ணு, மணலு, ஆட்டெரு கலந்து எல்லாத்தையும் புதுசா வச்சேன். பேச்சிதான் மண்ணு சொமந்தா. ஏழு பொழச்சுது. வளகாப்புக்குக் கடப் பூதான். அந்தம்மா பேரனுக்குத் தொட்டில் கட்டுன அன்னைக்கு எங்க மல்லி ரெண்டு மொழம். அதுல ஒரு கண்ணி பேச்சி தலையில வச்சுவிட்டேன்.

இப்பெல்லாம் செவப்பாவது பச்சையாவது, மண்ணுக்குள்ள ரெண்டு வெரல விட்டுப் பாத்துட்டுத்தான் தண்ணி. நீயும் அப்படியே செய்யி. தண்ணி கூடுனாத்தான் செடிக்கு...

ஏட்டி, அதென்ன சத்தம்? மோட்டார நிப்பாட்டலையே நான்! தண்ணித் தொட்டி நெறஞ்சு என் கத்திரிச் செடி மேலல்ல கொட்டுது! தள்ளு, தள்ளு, செத்த இரு, வாரேன்.