மூன்று பொட்டு வைத்த திரை

இலவசமாகக் கொடுக்கிற பொருளில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலுக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். கணினியைத் திறந்ததும் தெரிகிற திரை, ஜன்னல்கள், பொத்தான்கள் எல்லாவற்றையும் திறந்த மூல மென்பொருளாகச் செய்து கொடுக்கிற சிறு குழு நாங்கள். வெள்ளவத்தையில் இருந்து பாவனையாளர்களின் குறை கேட்பவன் நான். ஏச்சு வாங்கும் வேலை பார்ப்பவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

வலப்பக்கப் பொத்தான்

எங்கள் பாவனையாளர்களில் ஒருவரான மலர் அக்கா டியூஷன் மாஸ்டர்மாருக்கு நோட்ஸ் டைப் செய்து கொடுப்பவர். அதுதான் அவருடைய பிழைப்பு. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து தெரியாது. இடத்தை நினைவில் வைத்துத்தான் பொத்தானை அழுத்துவார். வேலையை மூடும்போது, எழுதும் செயலியில் 'சேமி' வலப்பக்கம் இருக்கும். படம் வரையும் செயலியின் புதிய பதிப்பில் அதே இடத்தில் 'சேமிக்காதே' இருந்தது. உயிரியல் பாடத்துக்கு வரைந்த இதயமும் சிறுநீரகமும் ஒரே அழுத்தில் போயின. இன்னொருமுறை பிந்தினால் வேலையை வேறிடம் கொடுப்பதாக மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"நான் பிழையா அமத்தேல்லை தம்பி. நீங்கள்தான் பொத்தானை எழுப்பி மற்றப் பக்கம் இருத்தியிருக்கிறியள்."

முதலில் எது?

குழுவின் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஜன்னல்களுக்கு நிரல் எழுதுபவர் கொட்டாஞ்சேனைக் கஜன். ஜன்னலை மூடும்போது அது மெல்ல மங்கி மறையவேண்டும் என்பதில் அப்போது மும்முரமாக இருந்தார். பொத்தான் விஷயம் பட்டியலின் அடிக்குப் போனது. அலுவலகம் முடிந்து வந்து, சம்பளமில்லாமல் செய்கிற பிள்ளை. இதை முதலில் செய் என்று எப்படிக் கட்டளை போடுவது?

"அண்ணை, ஜன்னல் மங்கினால் நாலு பேர் வடிவாயிருக்கெண்டு எழுதுவினம். பொத்தான் ஒரே இடத்தில இருந்தால் ஆர் எழுதப்போகினம்?"

கறை

சனிக்கிழமை கஜனை மலர் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அக்காவின் கணினித் திரையில் ஏதோ கறை என்று நினைத்துக் கஜன் நகத்தால் சுரண்டினார். கையோடு வந்தது ஓர் ஒட்டுப்பொட்டு. அக்கா அதை வாங்கி, விரலால் அளந்து, பழைய இடத்திலேயே ஒட்டினார். எழுதும் செயலியின் 'சேமி'க்குச் சிவப்பு, வரையும் செயலிக்குக் கறுப்பு, அட்டவணைக்குப் பச்சை. பிறகு திரையில் மூக்கு முட்டக் குனிந்து, கறுப்பைத் தேடி அழுத்திக் காட்டினார். கஜனின் தேத்தண்ணி ஆறிப்போனது.

"என்ர நெத்தியை விட உங்கட பெட்டிக்குத்தான் தம்பி கனக்கப் பொட்டு முடியுது."

மிச்சம் ஒன்று

மங்கும் ஜன்னலைக் கஜன் ஒதுக்கி வைத்தார். மற்றச் செயலிகளைச் செய்பவர்களுடன் எழுதி எழுதி வாதாடி, மூன்றிலும் 'சேமி'யை வலப்பக்கம் கொண்டுவந்தார். அக்கா நோட்ஸை நேரத்துக்குக் கொடுத்தார். மாஸ்டர் அடுத்த பாடத்தையும் அவரிடமே தந்தார். அடுத்தமுறை நாங்கள் போனபோது திரையில் சிவப்புப் பொட்டு மட்டும் இருந்தது. இடம் பழகிவிட்டதே, அதையும் எடுக்கலாமே என்றார் கஜன்.

"இருக்கட்டும் தம்பி. அடுத்த பதிப்பும் நீங்கள்தானே செய்யப்போறியள்."

புதிய பதிப்பு வெளிவந்தால் நான் இப்போது பாராட்டுக் கடிதங்களை எண்ணுவதில்லை, மலர் அக்காவின் திரையில் பொட்டுகளை எண்ணிவிட்டு வருகிறேன்.