முழங்கை வரை ஓடிய வளையல்

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." எண்ணூரில் இதை மைக்கில் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். இங்கே இருமாத வீடு எது? எதற்கு இருமினாலும் அனல்மின் நிலையச் சாம்பல் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

மைக் கட்டிய ஆட்டோ என்னுடையது. பேசுகிறவர் பூவம்மா, அரசு சுகாதார நிலையத்துப் பணியாளர். மேலிடத்தில் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தை நாலு நாள் படித்தார். ஐந்தாம் நாள் மடித்து இடுப்பில் செருகிவிட்டுத் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார்.

"இருமல வுடு. உன் வளையல் முழங்கை வரிக்கும் ஓடுதா? கைலி ஒரு சுத்து ஜாஸ்தியா சுத்துதா? இருமிகினே இளைச்சா டிபியா கீலாம். வந்து டப்பால சளி குடு. மாத்திரை சும்மாவே தராங்க."

எனக்குப் புல்லரித்தது. எந்த அதிகாரிக்கு இப்படித் தோன்றும்! ஆனால் டப்பா வாங்க ஒருவரும் வரவில்லை. மீன் விற்கும் செல்லம்மா செதில் சுரண்டும்போது அவர் வளையல் மேலும் கீழும் ஓடுவதை ஊரே பார்த்தது. பூவம்மா கெஞ்சினார்.

"டப்பா வாங்குனா நாளிக்கி என்னாண்ட எவ மீன் வாங்குவா?" என்று செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் செல்லம்மாவின் தெருவில் பூவம்மா மைக்கை உயர்த்திப் பிடித்தபோது அவருடைய வளையலே சரசரவென்று முழங்கைக்கு இறங்கியது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பூவக்கா, உன் வளையல பாரு!"

மைக் ஆனில் இருந்தது. தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பூவம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சிரித்து மழுப்பியிருக்கலாம். செய்யவில்லை.

"கேட்டீங்கல்ல? நாளிக்கி நானே டப்பா வாங்குறேன். இன்னான்னு இதே தெருவுல வந்து சொல்றேன்."

டிபிதான். என்னையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னபடி பூவம்மா ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, டாக்டர் அனுமதி கொடுத்ததும் முகக்கவசத்தோடு வந்து ஆட்டோவில் ஏறினார். வேறு பக்கம் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நேரா செல்லம்மா தெருவுக்கு வுடு, மனோகரா."

போய் நின்றதும் மைக்கைப் பிடித்தார். "எனுக்கு டிபிதான். மாத்திரை துன்னுகினு கீறேன். ரெண்டு கிலோ ஏறிகீது. இதுல இன்னா வெக்கம்?"

இவ்வளவு பெரிய மனசுக்கு ஒரு ஆள்கூட எழுந்து வரவில்லையே என்று எனக்குக் கோபம் பொங்கியது. வண்டியைக் கிளப்பினேன்.

கத்தியைப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு செல்லம்மா வந்தார்.

"பூவு, எனுக்கு ஒரு டப்பா குடு."

அவர் பேச்சு மைக்கில் விழுந்து தெருவெல்லாம் கேட்டது. பூவம்மா பதறிப்போய் மைக்கை அணைக்கப் போனார். செல்லம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடக்கட்டும் வுடு. எல்லாரும் கேக்கட்டும்."